கோட்டின் எடை

டயாலிசிஸ் மையத்துக்குக் கோட்டு மாட்டிக்கொண்டு வருகிற ஒரே ஆள் நான். மற்றவர்கள் நைட்டியிலும் தொளதொளத்த பைஜாமாவிலும் தூக்கக் கலக்கத்தோடு வந்து நாற்காலியில் விழுவார்கள். நான் தலைவாரி, பவுடர் போட்டு, பாலிஷ் மின்னும் கறுப்பு ஷூவோடு, ஏதோ திறப்புவிழாவுக்கு ரிப்பன் வெட்டப் போகிறவன் மாதிரி வந்து இறங்குவேன். ரிப்பன் வெட்டுவதற்குப் பதிலாகக் கையில் ஊசி குத்துவார்கள் என்பது ஒன்றுதான் வித்தியாசம்.

அந்தச் சாம்பல் நிறக் கோட்டு நான் வியாபாரிகள் சங்கத்துக்குத் தலைவராக இருந்தபோது தைத்தது. சங்கத்தின் மொத்த ஜனத்தொகையும் ஒரு வேனில் அடங்கிவிடும். இருந்தாலும் தலைவர் தலைவர்தானே. பதவி போனபிறகும் கோட்டு போகவில்லை. இரண்டு சிறுநீரகமும் சொல்லிவைத்தாற்போல் கடையைச் சாத்திவிட்டுப் போனபிறகும் போகவில்லை.

வாரத்தில் மூன்று நாள், காலையில் போய் மத்தியானம் வரை அந்த நாற்காலியில் கிடக்க வேண்டும். ஒரு ஊசி வழியாக ரத்தம் வெளியே போகும், மிஷினுக்குள் சுற்றிக் கழுவிக்கொண்டு இன்னொரு ஊசி வழியாக உள்ளே வரும். குடிக்கிற தண்ணீர் வெளியேற எங்களுக்கு வழி கிடையாது, உடம்பிலேயே தங்கிவிடும். அதனால் போனவுடன் எடைமேடையில் ஏறி நிற்க வேண்டும். போன முறை வீட்டுக்குக் கிளம்பியபோது இருந்த எடையைவிட இன்றைக்கு எவ்வளவு கூடியிருக்கிறதோ, அவ்வளவும் தண்ணீர் என்று கணக்கு. அதை மிஷினில் தட்டிவிட்டால் அது சொன்னபடி உறிஞ்சி எடுத்துவிடும். மிஷினுக்கு வேறெதுவும் தெரியாது.

"ஷூவையும் கோட்டையும் கழட்டிட்டு ஏறுங்க சார்" என்று முதல் நாள் சிஸ்டர் சொன்னாள். நான் அவளை ஒரு பார்வை பார்த்தேன். என்னால் குனிய முடியாது. வீட்டில் மனைவிதான் ஷூ மாட்டிவிடுவாள். ஊர்பேர் தெரியாத ஒரு பெண் என் காலைத் தொட்டுக் கழற்றுவதா? அந்தப் பார்வையின் பலன், அவள் ஒருநாள் என் மனைவியைக் கழற்றித் தரச்சொல்லி, கோட்டையும் ஷூவையும் தனியாக எடைபோட்டு வைத்துக்கொண்டாள். ஒவ்வொரு முறையும் என் எடையிலிருந்து அதைக் கழித்துவிடுவாள். அந்த மையத்தில் வேறு யாருக்கும் அந்தச் சலுகை கிடையாது. எனக்குள் சின்னதாக ஒரு மாலை விழுந்தமாதிரி இருந்தது.

இருந்தது என்று சொல்கிறேனே தவிர, பெரிதாக எதுவும் இருப்பதில்லை. கால் விரல்கள் மரத்துப்போய் வெகுநாளாகிறது. மற்ற பாகங்களும் அதைப் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கற்றுக்கொண்டன. சாப்பாட்டில் உப்பில்லை, பேச்சிலும் இல்லை. பேரன் பிறந்த செய்தி வந்தபோது "அப்படியா, சந்தோஷம்" என்றேன். பக்கத்து வீட்டுக்காரர் வண்டி வாங்கினாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

ஆனால் நல்ல நோயாளி என்ற பெயர் மட்டும் எனக்கு இருந்தது. தண்ணீர் விஷயத்தில் கட்டுப்பாடு, எடை கூடாது, மணி அடித்து யாரையும் கூப்பிடமாட்டேன். "எல்லாரும் சார் மாதிரி இருந்தா எங்களுக்கு வேலையே இல்ல" என்று சிஸ்டர் ஒருமுறை சொன்னாள். அதை நான் வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். மறுநாள் போனில் சம்பந்தியிடம் சொன்னேன். சம்பந்தி "அப்படியா, சந்தோஷம்" என்றார்.

எனக்குப் பக்கத்து நாற்காலியில் நேர் எதிர்மாறாக ஒருத்தி. டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவள். கற்றுக்கொள்கிறவன் ஸ்டியரிங்கைப் பிடித்திருக்க, பக்கத்து சீட்டில் தனக்கென்று ஒரு பிரேக் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்களே, அந்த வேலை. அந்தப் பழக்கத்தில் யார் எதைச் சொன்னாலும் பிடிக்காவிட்டால் வலது கால் தானாக ஒரு மிதி மிதிக்கும். அதனால் அவளுக்கு பிரேக்கம்மா என்று பெயர். வைத்தது எதிர் நாற்காலிக்காரர். அவர் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். போனில் வீடியோவைச் சத்தமாக வைத்துப் பார்ப்பார், சத்தத்தைக் குறை என்றால் கூட்டுவார். அவருக்கு ஹாரன் என்று பெயர். வைத்தது பிரேக்கம்மா. எனக்கும் ஒரு பெயர் இருந்தது. அது எனக்கு ஒரு மரியாதை என்றே வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிரேக்கம்மா உள்ளே நுழைவதே ஒரு வழக்கு மாதிரி இருக்கும். எடைமேடையில் ஏறி முள்ளைப் பார்த்து, "பொய் சொல்லுது. இன்னொரு தடவை ஏத்து" என்பாள். ஏற்றுவார்கள். "மேடை கோணலா இருக்கு. நகத்திப் போடு" என்பாள். நகர்த்துவார்கள். ஊசி போட வருகிறவளைப் பார்த்து, "நீ வேண்டாம், போன தடவை கையா காலான்னு தெரியாம குத்தினே. அந்தப் பொண்ணை வரச்சொல்லு" என்பாள். குளிர்கிறது, வேர்க்கிறது, டிவி ஆடுகிறது, எதிரில் இருக்கிறவர் மூஞ்சி பிடிக்கவில்லை.

"நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கோ" என்பார் ஹாரன்.

"நீங்க மூஞ்சியைத் திருப்பிக்கோங்க. வாழ்நாள் பூரா கண்ணாடியில பின்னாடியே பாத்து ஓட்டினவர்தானே."

நான் கண்ணை மூடிக்கொள்வேன். இப்படி ஒரு பிறவியா என்று இருக்கும். எனக்குச் சிஸ்டர்கள்மேல் இரக்கம் வரும், அதாவது இரக்கம் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு தலையசைப்பு வரும்.

ஒருநாள் அவள் என் பக்கம் திரும்பினாள்.

"கோட்டு சார், உங்களுக்கு யாரு தர்றாங்க?"

"என்னது?"

"கிட்னிதான். வேற எதைக் கேப்பேன், உங்க கோட்டையா?"

"வீட்ல பேசிக்கிட்டு இருக்காங்க."

"யாரு பேசறாங்க?"

"எல்லாரும்தான்."

"அப்ப ஒருத்தரும் பேசலை." கால் ஒரு மிதி மிதித்தது. "நான் எல்லார்கிட்டயும் கேட்டாச்சு. அக்காகிட்ட கேட்டேன், பிரஷர் இருக்குன்னா. அத்தான்கிட்ட கேட்டேன், அன்னைலேருந்து அவருக்கும் பிரஷர் வந்துருச்சு. சித்தப்பா பையன் யோசிச்சுச் சொல்றேன்னான், யோசிச்சுக்கிட்டே வெளிநாடு போய்ச் சேர்ந்துட்டான். வண்டி கத்துக்க வந்த ஒருத்தன்கிட்டகூட கேட்டுப் பாத்தேன். ரிவர்ஸ் எடுத்துக்கிட்டு இருந்தான் பாவம், சுவத்துல ஏத்திட்டான்."

ஹாரன் விழுந்து விழுந்து சிரித்தார். அவர் மிஷின் கோபித்துக்கொண்டு பீப் பீப் என்றது.

"கேக்கறதுக்கு ஒருமாதிரி இருக்காதாம்மா?" என்றேன், தலைவர் குரலில்.

"இருக்கும். அப்புறம் போயிடும். கேட்டா இல்லைம்பாங்க. கேக்காட்டியும் இல்லைதானே சார்?"

நான் பரிதாபமாகப் புன்னகைத்தேன். என் வாழ்க்கையில் நான் யாரிடமும் எதையும் கேட்டவன் இல்லை. பலரும் என்னிடம் கேட்டிருக்கிறார்கள், நான் செய்திருக்கிறேன், செய்ததை மேடையில் சொல்லியும் இருக்கிறேன். கேட்டு வாங்குவது பிரேக்கம்மாக்களின் வழி. எனக்கு வரவேண்டியது என்னைத் தேடி வரும்.

வரவேண்டியவன் என் தம்பி. ஒரே தம்பி, என் ரத்த வகையே அவனுக்கும். என் மனைவிக்குச் சர்க்கரை, அவளால் தரமுடியாது என்று டாக்டர் முதலிலேயே சொல்லிவிட்டார். பிள்ளைகளிடம் வாங்க எனக்கு மனமில்லை. மிச்சம் தம்பிதான். டாக்டரும் சுற்றிவளைக்காமல் சொல்லியிருந்தார்: "மிஷின் ரொம்ப நாள் தாங்காது. உங்க இதயம் சொல்லுது. யாராவது தர்றாங்கன்னா இப்பவே பாருங்க." தம்பிக்கு அது தெரியுமா என்று எனக்குத் தெரியாது. ஒவ்வொரு ஞாயிறும் போன் செய்வான். "எப்படிண்ணே இருக்கே?" என்பான். "எனக்கென்ன, ஒரு குறையும் இல்ல" என்பேன். வைத்துவிடுவோம்.

"நீங்களே வாயைத் திறந்து கேளுங்களேன்" என்றாள் மனைவி.

"கேட்டு வாங்கற பொருளாடி அது? அவனுக்கே தோணணும்."

"உங்களுக்குக் கேக்காம வந்தது இந்த வியாதி ஒண்ணுதாங்க."

அவள் அப்படித்தான். பேசுவது குறைவு, பேசினால் தையல் போடவேண்டிவரும்.

ஆனாலும் நான் யோசித்தேன். கேட்கக் கூடாது, அவனாகத் தரவும் வேண்டும். அதற்கு ஒரு திட்டம் போட்டேன். எங்கள் அப்பா வைத்த இரும்புச் சாமான் கடை இருக்கிறது. கல்லாவில் நான், உள்ளே சரக்கோடு தம்பி, இப்படித்தான் காலம் ஓடியது. நான் படுத்தபிறகு கடை முழுக்க அவன் கையில். ஆனால் சாவிக்கொத்து என் கையில். அவனிடம் முன்பிருந்தே டூப்ளிகேட் உண்டு, அசல் என் அலமாரியில் இருந்தது. ஷட்டர் சாவி, கிடங்குச் சாவி, இரும்புப்பெட்டிச் சாவி எல்லாம் விரல் தண்டிக்கு, ஒரு தடித்த வளையத்தில். கூடவே அப்பா காலத்துப் பித்தளைப் பூட்டு இரண்டு அதே வளையத்தில் தொங்கும். தூக்கினால் மணிக்கட்டு இறங்கும்.

அதை அவன் கையில் கொடுத்து, "இனிமே எல்லாம் நீதான்" என்று சொல்வேன். அவன் கண் கலங்குவான். "அண்ணே, உனக்கு நான் என்ன செய்யப்போறேன்?" என்பான். நான் ஜன்னல் வழியாகத் தூரத்தைப் பார்ப்பேன். அவன் புரிந்துகொள்வான். குளியலறைக் கண்ணாடி முன்னால் இதை ஒத்திகை பார்த்தேன். என் வசனத்தைவிட அவன் வசனத்தை நன்றாகப் பேசினேன்.

அந்த வாரம் மனைவி பல் பிடுங்கப் போகவேண்டியிருந்தது. என்னை அழைத்துப்போகத் தம்பியை மத்தியானம் மையத்துக்கு வரச்சொல்லியிருந்தாள். நல்ல தருணம். சாவிக்கொத்தைக் கோட்டின் உள்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். கோட்டு ஒரு பக்கமாக இழுத்தது. நான் நிமிர்ந்து நடந்து சரிசெய்துகொண்டேன்.

எடைமேடையில் ஏறினேன். சிஸ்டர் முள்ளைப் பார்த்தாள், கோட்டையும் ஷூவையும் கழித்தாள், திரும்பவும் பார்த்தாள்.

"என்ன சார், இன்னைக்கு ஜாஸ்தியா இருக்கு? தண்ணி குடிச்சுட்டீங்களா?"

ஐந்தாறு பேர் திரும்பிப் பார்த்தார்கள். தண்ணீர் விஷயத்தில் என்னைப் பார்த்து ஒரு கேள்வி! முந்தின நாள் முழுக்க நாக்கை நனைத்துக்கொண்டு மட்டும் இருந்தவன் நான். "நான் குடிக்கலை, மறுபடி பாருங்க" என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லலாம் என்று வாய்வரை வந்தது. ஆனால் எடைமேடையில் நின்று வழக்காடுவது யாருடைய வேலை என்று எல்லோருக்கும் தெரியும். நான் ஒரு புன்னகை செய்தேன். நீங்கள் எப்படி வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள் என்கிற புன்னகை. பையில் கிடந்த சாவிக்கொத்து நினைவுக்கே வரவில்லை. அது எனக்கு எடையாகத் தோன்றியதே இல்லை.

"சரி, எடுத்துருவோம்" என்று சிஸ்டர் மிஷினில் தட்டினாள்.

கோட்டைக் கழற்றி நாற்காலிக்குப் பின்னால் மாட்டினேன். கம்பியில் பட்டு டங் என்றது.

"என்ன சார், கோட்டுக்குள்ள இரும்புக்கடையா?" என்றாள் பிரேக்கம்மா.

நான் விட்டத்தைப் பார்த்தேன். அன்றைக்கு நான் ஒரு பெரிய காரியத்துக்கு முன்னால் இருக்கிறவன்.

முதல் பாதி வழக்கம்போலப் போயிற்று. ஹாரன் ஒரு சண்டைக்காட்சியைச் சத்தமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் கொட்டாவி வந்தது. அப்புறம் ஒன்று, அப்புறம் இன்னொன்று. கெண்டைக்காலில் யாரோ கயிற்றை முறுக்குவதுபோல இருந்தது. விரல்கள்தான் மரத்தவை, கெண்டைக்கால் இன்னும் பணியில் இருந்தது என்பது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. நெற்றி வேர்த்தது. மணி என் கைக்குள்தான் இருந்தது. இத்தனை காலம் ஒருமுறைகூட அழுத்தாத மணி. அழுத்தாமலிருப்பதில் எனக்கு ஒரு பெயர் இருந்தது அல்லவா?

"கோட்டு சார், மூஞ்சி ஏன் வெளுத்துக் கிடக்கு?"

"ஒண்ணுமில்லம்மா."

"ஒண்ணுமில்லாத மூஞ்சி இப்படியா இருக்கும்? மணியை அமுக்குங்க."

"பரவாயில்ல. அவங்க வேலையா இருக்காங்க."

"அவங்க வேலையே நீங்கதான்யா!"

சண்டைக்காட்சி எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து கேட்டது. விளக்குகள் மஞ்சளாகி, சாம்பலாகி, என் கோட்டின் நிறத்துக்கு வந்தன. பயமாக இருக்கவில்லை. அதுதான் பிற்பாடு யோசிக்கும்போது பயமாக இருந்தது. கடைசியாகப் பார்த்தது பிரேக்கம்மாவின் வலது காலை. மிதி மிதி என்று மிதித்துக்கொண்டிருந்தது. "சிஸ்டர்! ஏய் யாராவது வாங்க! இந்த ஆளு போறாரு!"

கண் விழித்தபோது நாற்காலியைத் தலைகீழாகச் சாய்த்திருந்தார்கள். கால் மேலே, தலை கீழே. என் ஷூக்கள் என் தலைக்கு மேல் பளபளத்தன. அவ்வளவு உயரத்தில் அவற்றை நான் பார்த்ததில்லை. குழாயில் உப்புத்தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது.

"ஏன் சார் மணியை அடிக்கலை?" என்றாள் சிஸ்டர். "தண்ணி குடிச்சவருக்கு எடுத்தா இப்படி ஆகாதே."

"குடிக்கலை" என்றேன்.

"அந்தக் கோட்டைத் தூக்கிப் பாருங்க முதல்ல" என்றாள் பிரேக்கம்மா. "காலைலயே டங்குன்னுச்சு. கேட்டா பதில் சொல்லாம விட்டத்தைப் பாத்தாரு."

சிஸ்டர் கோட்டைத் தூக்கினாள். தோள் இறங்கியது. உள்பையில் கைவிட்டுக் கொத்தை வெளியே எடுத்தாள். நீளமாக வந்துகொண்டே இருந்தது. அதைக் கொண்டுபோய் எடைமேடையில் வைத்தாள். ஒரு கிலோவைத் தாண்டிப் போய் முள் நின்றது.

மிஷின் மேல் குற்றமில்லை. சாவிக்கொத்தில் ஏது தண்ணீர்? அதன் எடைக்குத் தண்ணீரை என் ரத்தத்திலிருந்து உறிஞ்சியிருந்தது.

"குடிச்சீங்களான்னு நான் கேட்டப்பவே இல்லைன்னு சண்டை போட்டிருக்கலாமே சார்" என்றாள் சிஸ்டர், அழுகிற மாதிரி.

"சண்டை போட்டு எனக்குப் பழக்கமில்ல."

"அதான் போகப் பாத்தீங்க" என்றாள் பிரேக்கம்மா. "நான் அந்த மேடையில தெனம் எதுக்கு மல்லுக்கட்டறேன்னு நினைச்சீங்க? பொழுது போகலைன்னா?"

அப்படித்தான் நினைத்திருந்தேன்.

தம்பிக்குச் சிஸ்டர் போன் செய்திருந்தாள். கடைச் சட்டையோடு, கையில் கிரீஸோடு வந்து நின்றான். என் தம்பி சுலபமான ஆள் இல்லை. நடக்கும்போதே முனகுகிறவன். நல்ல செய்தி சொன்னாலும் அதில் எங்கே ஓட்டை என்று தேடுகிறவன். அவனோடு ஒரு கூரைக்குக் கீழ் வியாபாரம் செய்ததற்கே எனக்கு ஒரு தனிச் சிலை வைக்கலாம் என்பது என் நெடுநாள் அபிப்பிராயம்.

"என்னண்ணே இது?" என்றான். பிறகு எடைமேடையைப் பார்த்தான். "அது ஏன் இங்க இருக்கு?"

"உனக்குத்தான். இனிமே எல்லாம் நீதான்."

ஒத்திகையில் இந்த வசனத்தை நின்றுகொண்டு சொன்னேன். இப்போது காலைத் தூக்கிக்கொண்டு, தலை கீழே தொங்க, அவன் மூக்குத்துவாரங்களைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

அவன் கண் கலங்கவில்லை. பின்னங்கழுத்தைச் சொறிந்தான். "அந்த ஷட்டரே இல்லண்ணே இப்போ. பட்டன் அமுக்கினா தானா ஏறும், அது போட்டாச்சு."

"எப்போ?"

"நீ ஆஸ்பத்திரியில சேர்ந்த மாசமே. கிடங்குக் கதவையும் இரும்புப்பெட்டியையும் மாத்தியாச்சு. சொன்னா வருத்தப்படுவேன்னு சொல்லலை."

கோபம் வரவேண்டிய இடம். கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்தேன். வரவில்லை. எதையும் திறக்காத சாவிகளை அலமாரியில் பூட்டி, அந்த அலமாரிச் சாவியைத் தலையணைக்கடியில் வைத்துத் தூங்கியிருக்கிறேன். சிரிப்பாவது வரலாம். அதுவும் வரவில்லை. கெண்டைக்காலில் மட்டும் வலி மிச்சமிருந்தது.

அந்த வலியை வைத்துக்கொண்டுதான் கேட்டேன் என்று நினைக்கிறேன். வேறு எதுவும் கையில் இல்லை.

"டேய். எனக்கு உன் கிட்னி ஒண்ணு வேணும்டா."

ஹாரன் போனில் சத்தத்தைக் குறைத்தார். அந்த மையத்தின் வரலாற்றில் அது முதல்முறை.

தம்பி கிரீஸ் கையைச் சட்டையில் துடைத்தான், துடைத்த இடத்தையே பார்த்தான்.

"மிஷின் ரொம்ப நாள் தாங்காதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு" என்றேன். "உன்கிட்ட கேக்காம நீயா தருவேன்னு நினைச்சு இந்தச் சாவியைத் தூக்கிட்டு வந்தேன். உனக்கு இஷ்டமில்லைன்னா வேண்டாம். ஆனா நான் கேட்டுட்டேன்."

"அண்ணிகிட்ட கேட்டேன்" என்றான் கடைசியில். "டாக்டர் சொன்னதைச் சொன்னாங்க. எல்லாம் தெரியும்ணே. ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் போன் எடுக்கறப்ப, இன்னைக்குக் கேட்டுருவியோன்னு நம்பரைத் தப்புத் தப்பா அமுக்குவேன். நீ 'ஒரு குறையும் இல்ல'ம்பே. அப்பாடான்னு இருக்கும்." மூக்கை உறிஞ்சினான். "நீ கேக்காம இருந்தது எனக்கு நிம்மதியா இருந்துச்சுண்ணே. அப்புறம் அன்னிக்குப் பூரா சாப்பாடு இறங்காது."

பிரேக்கம்மாவின் கால் அசையாமல் இருந்தது.

"பயமா இருக்குண்ணே. ஊசின்னாலே எனக்கு ஆகாது, உனக்குத் தெரியும். எனக்குன்னு ரெண்டு புள்ளைங்க இருக்கு. உன்னை மாதிரி நான் தைரியசாலி இல்ல."

என்னை மாதிரி! தலைகீழாகக் கிடக்கிற என்னை மாதிரி. அவன் இத்தனை வருஷமாக அண்ணாந்து பார்த்தே பேசியிருக்கிறான் என்பதை, அவனைக் கீழேயிருந்து அண்ணாந்து பார்க்கும்போது கவனித்தேன்.

"சரிடா" என்றேன். பிறகு, "ஒண்ணு பண்ணுறியா? இந்த ஷூவைக் கழட்டிவிடு. என்னால குனிய முடியாது."

அவன் கழற்றினான். முடிச்சை அவிழ்க்கத் தெரியாமல் பல்லைக் கடித்தான், முனகினான். "யாருண்ணே இவ்வளவு இறுக்கிக் கட்டினது? சாக்ஸ் வேற கிழிஞ்சிருக்கு." அந்த ஓட்டை வழியாக என் கட்டைவிரல் எல்லோரையும் பார்த்தது. அவன் அதைத் தொட்டான் என்பது கண்ணுக்குத் தெரிந்தது, காலுக்குத் தெரியவில்லை.

அடுத்த முறைக்கு நான் பைஜாமாவில் போனேன். காலில் ரப்பர் செருப்பு. வாசலில் இருந்த காவல்காரர் என்னை யாரென்று கேட்டார்.

எடைமேடையில் ஏறினேன். முள் ஆடி நின்றது. சிஸ்டர் குறித்துக்கொள்ளப் போனாள். அந்தச் சொற்களுக்கு வாய் பழகவில்லை.

"இன்னொரு தடவை ஏத்துங்க" என்றேன்.

"போச்சுடா" என்றார் ஹாரன். "இதுவும் ஆரம்பிச்சுருச்சு."

"மேடை கோணலா இருக்கான்னு கேளுங்க சார்" என்று பிரேக்கம்மாவின் நாற்காலியிலிருந்து குரல் வந்தது.

"மேடை கோணலா இருக்கா?"

சிஸ்டர் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் அறிவேன். பிரேக்கம்மாவைப் பார்க்கிற பார்வை. எல்லாரும் சார் மாதிரி இருந்தால் என்ற வாசகம் அந்த நிமிஷத்தோடு ரத்தாயிற்று. மேடையை நகர்த்திப் போட்டாள். முள் அதே இடத்தில்தான் நின்றது.

இதனால் பிரேக்கம்மா எனக்குத் தோழியாகிவிட்டாள் என்று யாரும் நினைக்க வேண்டாம். உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் நான் மூச்சுவிடுவது சத்தமாக இருக்கிறதென்று சண்டைக்கு வந்தாள். நன்றி சொல்லலாமென்று வாயெடுத்தேன், "நீங்க செத்தா அந்த நாற்காலிக்கு இதைவிட மோசமான ஆளைப் போடுவாங்க, அதான்" என்றாள். அவளுக்கு அந்த வாரமும் யாரோ ஒருவர் இல்லையென்று சொல்லியிருந்தார்கள். யாரென்று கேட்டேன். "பல் டாக்டர்" என்றாள்.

பாதி நேரம் போயிருக்கும். தம்பி உள்ளே வந்தான். முழங்கை மடிப்பில் பஞ்சு ஒட்டியிருந்தது, அந்தக் கையை இன்னொரு கையால் தாங்கிப் பிடித்திருந்தான், கை கழன்று விழுந்துவிடும் என்பதுபோல.

"ரத்தம் குடுத்துட்டு வரேண்ணே. கீழ்த்தளத்துல. பொருந்துமான்னு பாப்பாங்களாம்." எரிச்சலாகச் சொன்னான். "எடுத்த பொண்ணுக்கு ஒண்ணும் தெரியலை. நரம்பைத் தேடி மூணு இடத்துல குத்தினா. வேற ஆளை வரச்சொல்லுன்னு கத்திட்டேன்."

"அப்ப நீங்க நம்ம கட்சி" என்றாள் பிரேக்கம்மா.

"இன்னும் சரின்னு சொல்லலைண்ணே" என்றான் என்னிடம். "டெஸ்ட்டு மட்டும்தான்."

"தெரியும்டா."

"பயம் அப்படியேதான் இருக்கு."

"இருக்கட்டும்."

ஸ்டூலை இழுத்துப்போட்டு என் காலடியில் உட்கார்ந்தான். என் பாதத்தில் கையை வைத்தான். உடனே எடுத்துவிட்டான்.

"என்னண்ணே, கால் இப்படி ஜில்லுன்னு கிடக்கு?"

"அப்படியா?" என்றேன். எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

"ஐஸ் மாதிரி இருக்கு. ஒரு போர்வை கேக்க வேண்டியதுதானே? வாயில என்ன வச்சிருக்கே?"

மணி கைக்குள் இருந்தது. சிஸ்டர் மூலையில் வேறொருவருக்கு ஊசி கழற்றிக்கொண்டிருந்தாள், வேலையாகத்தான் இருந்தாள். நான் அழுத்தினேன். அது இவ்வளவு சத்தமாக அடிக்குமென்று எதிர்பார்க்கவில்லை. மூன்று பேர் ஓடிவந்தார்கள், ஒருத்தி உப்புத்தண்ணீர்ப் பாட்டிலோடு.

"என்ன சார்? என்ன ஆச்சு? மயக்கமா?"

"இல்ல" என்றேன். "குளிருது."

"என் போர்வையை எடுத்துக் குடுத்துடாதீங்க" என்றாள் பிரேக்கம்மா.